உள்பை வைத்த நீலச் சட்டைகள்

என் அண்ணன் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பான். அம்மா பிஸ்கட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி அடுக்குகிறவள். வீடு என்பதே உட்காருவதற்குத்தான் என்று நினைப்பவள். "உனக்குக் கால்ல என்ன, சக்கரமா? பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று போய்விட்டு வருவான்.

அப்பா போனபோது அவனுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதின்மூன்று. அந்த வருஷமே லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அந்த வேலை அவனுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. காலையில் ஒரு கட்டடம், மதியம் ஒரு கட்டடம், சாயங்காலம் வேறொன்று. ஒரே நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் ஓடி வந்திருப்பான். இரண்டே வருஷத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டான். எல்லோரும் அவனை 'லிஃப்ட்டு' என்றே கூப்பிட்டார்கள். பிறகு போலீஸ் ஃபைலிலும் அந்தப் பெயர்தான் ஏறியது.

ஒருமுறை என்னை ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனான். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. உள்ளே கிரீஸ் நாற்றம். ஒரு பெரிய மோட்டார், தரையில் இருந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கும் கம்பிக் கயிறுகள், சுவரில் ஒரு மெயின் ஸ்விட்ச். வேறொன்றும் இல்லை.

"இந்த ரூமுக்கு யாரும் வர மாட்டாங்க" என்றான். "கீழ இருக்கிறவங்களுக்குப் பட்டன் மட்டும்தான் தெரியும். இதுக்குச் சாவி என்கிட்டதான்."

அப்போது அதைப் பெருமையாகத்தான் சொன்னான். என் காதிலும் பெருமையாகத்தான் விழுந்தது.

நான் தையல் கற்றுக்கொண்டேன். புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துத் தைப்பது, இப்படி ஆல்டரேஷன் வேலைதான். மெஷின் ஒன்று, இஸ்திரிப் பெட்டி ஒன்று, ஒரு ஸ்டூல், இவ்வளவுக்கும் இடம் கொடுத்த ஒரு சந்துக் கடை. பிழைப்பு ஓடியது.

எங்கள் வீட்டுக்குள் அந்த விவகாரம் வந்தது ஓர் ஆஸ்பத்திரி வழியாக. அண்ணன் பார்த்துக்கொண்ட லிஃப்ட்டுகளில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் சரக்கு லிஃப்ட்டும் ஒன்று. அங்கே மருந்து ஸ்டோரைக் கவனித்தவர், அதிர்ந்து பேசாத ஆள். தலைக்குச் சாயம் பூசி, எப்போதும் வாயில் ஒரு மிட்டாயை அதக்கிக்கொண்டு இருப்பாராம். ஒருநாள் அண்ணனிடம், "ஒரே ஒரு பெட்டி தம்பி. மெயின் கேட்ல எழுதாம, பின்பக்கமா இறங்கணும்" என்றிருக்கிறார். பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் புற்றுநோய்க்காரர்களுக்கும் கொடுக்கிற வலி மாத்திரைகள் அவை. வலி இல்லாதவன் விழுங்கினால் வேறு உலகத்துக்குக் கூட்டிப்போகும். பிறகு அந்த உலகத்தை விட்டுவர விடாது.

இது எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால், ஜெயிலில் அவனைப் பார்க்கப் போனபோது. "மொத தடவ என்னன்னே கேக்கல. ரெண்டாவது தடவ கேட்டேன். மூணாவது தடவ நானே தூக்கிட்டு இறங்கினேன்" என்றான்.

ஸ்டோர்காரரிடம் சரக்கு இருந்தது, வைக்க இடமில்லை. வாங்க ஆள் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. என் அண்ணனிடமோ நாற்பது மொட்டை மாடிகளின் சாவி இருந்தது. கையில் டூல் பாக்ஸோடு வருகிற லிஃப்ட் மெக்கானிக்கை எந்த வாட்ச்மேனும் நிறுத்திக் கேட்பதில்லை. எப்போது வருவான் என்றுதான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனியை விட்டு விலகி, சொந்தமாக லிஃப்ட் சர்வீஸ் ஆரம்பித்தான். பன்னிரண்டு ஆட்கள். அம்மா பூரித்துப்போனாள். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் கடைக்கு ஒரு பேல் நீலத் துணியோடு வந்து நின்றான்.

"ஆளுக்கு ரெண்டு. மொத்தம் இருபத்தி நாலு சட்டை. உன்னால முடியுமா?"

"நான் ஆல்டரேஷன்காரிண்ணா."

"என் ஆளுங்களுக்கு வெளியில குடுத்துத் தைப்பேனா? நீ தைச்சாதான்." மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "இடது பக்கம் உள்ள ஒரு பை வை. வெளியில தையல் தெரியக் கூடாது."

"உள்ள எதுக்கு?"

"ஸ்க்ரூ, ஃபியூஸ் இருக்கும்ல."

"அதுக்குத்தான் டூல் பாக்ஸ் இருக்கே."

"கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்மா. எத்தன கேள்வி."

பையின் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தான். ஒரு பையின் அளவைப் பார்த்தால் அதற்குள் என்ன போகும் என்று தைக்கிறவளுக்குத் தெரியும். ஸ்க்ரூவுக்கு அவ்வளவு அகலம் வேண்டாம். ஒரு மாத்திரை அட்டை சரியாக உட்காரும் அகலம் அது. எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஓர் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுத் தைத்தேன். இன்னும் ஒரு படி மேலே போய், குனிந்தால் எதுவும் விழாமல் இருக்க ஒவ்வொரு பைக்கும் ஒரு சின்னப் பொத்தானும் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "அதான் என் தங்கச்சி" என்று என் தலையைத் தட்டினான்.

அதற்குப் பிறகு அவன் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோர் போதாமல், மருந்து செய்கிற இடத்திலேயே ஆள் பிடித்தான். பக்கத்து ஊர்கள், அதற்கும் அப்பால் என்று நீலச் சட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. அவனுக்கு வலது கையாக ஒருவன் வந்து சேர்ந்தான். வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதால் அவனுக்கு 'சைலன்சர்' என்று பெயர். அதற்குள் விஷயம் எனக்கும் தெரிந்துபோயிருந்தது. ரகசிய வேலைக்கு இப்படி ஒருவனா என்று நான் கேட்டதற்கு, "கத்திப் பேசுறவன் ஒளிக்கிறான்னு யாருக்கும் தோணாது" என்றான் அண்ணன்.

மூன்று வருஷத்தில் நாங்கள் நான்கு வீடு மாறினோம். ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரியது. அம்மா புது வீட்டில் லைட் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பழகுவதற்குள் அடுத்த வீட்டுக்கு வண்டி வந்துவிடும். சில பெட்டிகளை நாங்கள் பிரிக்கவே இல்லை. அப்படியே அடுத்த வீட்டுக்கு ஏற்றினோம். காலிங் பெல் அடித்தால் அவன் ஜன்னலைப் பார்ப்பான், அம்மா கதவைப் பார்ப்பாள், நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். எங்களுக்கு எதிலும் குறையில்லை. ஆனால் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அவன்மேல் பயம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவனிடம் சரக்கு வாங்கி ஏமாற்றிய ஒருத்தனின் வலது கை லிஃப்ட் கதவில் மாட்டி நசுங்கிவிட்டது என்று பேப்பரில் வந்திருந்தது. விபத்து என்று போட்டிருந்தார்கள். அண்ணன் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் பேப்பரை நீட்டி, "இது என்னண்ணா?" என்றேன்.

ஒரு பார்வை பார்த்தான். "கதவு மூடுற இடத்துல கைய வெச்சா மாட்டத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, என் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

என்னோடு சண்டை போட்டு, என் ரிப்பனை ஒளித்துவைத்து, பிறகு தானே தேடிக் கொடுத்தவன் அவன். அந்த அண்ணன் எங்கே போனான் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

மூன்றாவது வீட்டில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். வலது இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினோராவது நாள் அம்மா வலியில் முனகினாள். அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே போனவன் ஒரு பெட்டியோடு வந்தான்.

"இதவிட நல்ல மாத்திர எங்கேயும் கிடையாதும்மா. வலிச்சா ஒண்ணு போடு. ராணி மாதிரி இரு."

அவன் ஆட்களுக்கு அவன் வைத்திருந்த ஒரே சட்டம், சரக்கை யாரும் வாயில் போடக் கூடாது என்பது. போட்டவனை அன்றைக்கே அனுப்பிவிடுவான். ஆனால் அம்மா அந்தச் சட்டத்துக்குள் வருவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான் அவன் கணக்கு.

மாதங்கள் போயின. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடந்தாள். ஆனால் கையில் ஸ்பூனைப் பிடித்தபடியே தூங்கிப்போவாள். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பாள். மாத்திரை நேரம் நெருங்கினால் கொட்டாவி விடுவாள், கண்ணில் தண்ணீர் வழியும். கால்கள் தாமாக உதைத்துக்கொள்ளும். எழுந்து ஹாலை அளக்க ஆரம்பிப்பாள், டக், டக் என்று வாக்கர் சத்தம். அண்ணன் நடப்பதைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்றவள் இப்போது அவனைவிட அதிகமாக நடந்தாள்.

ஒருநாள் "வலிக்குதே" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்த்தேன். அவள் பிடித்திருந்தது இடது பக்கம்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். "அம்மாவுக்கு வலி போயிடுச்சு. மாத்திர போகல."

"என்ன உளர்ற?"

"நீ விக்கிறதுதான அது? வாங்குறவங்க எப்படி இருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? போய் அம்மாவப் பாரு."

அவன் நடப்பதை நிறுத்தினான். பிறகு, "வயசானவங்க. வலி இருக்கும். நீ டாக்டராகாத" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மறுநாள் சைலன்சர் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு கல்லூரி மாணவி செத்துக் கிடந்தாள். பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் விடவில்லை. அட்டையில் அச்சாகியிருந்த பேட்ச் எண்ணைப் பிடித்துக்கொண்டு, எங்கெங்கோ மனு எழுதி, கடைசியில் அந்த ஆஸ்பத்திரி ஸ்டோர் வரைக்கும் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஸ்டோர்காரர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அண்ணன் தலைமறைவானான். ஆட்கள் நீலச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அம்மாவின் பெட்டி காலியானது.

இரண்டாவது நாள் வியர்த்து ஊற்றியது. வயிறு நிற்காமல் போனது. கட்டிலில் படுக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார முடியவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா" என்றால், "எனக்கு என்ன சீக்கு? என் புள்ளையக் கூப்பிடு" என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

அந்த நிலையிலும் ஒரு மணி நேரம் கடையைத் திறக்கப் போனேன். போன சற்று நேரத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கவுன்டரில் ஒரு நீலச் சட்டையை வைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பினார். பையைத் தடவிப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்கு. பொத்தான் வேற வெச்சிருக்கீங்க."

"நான்தான் தைச்சேன்" என்றேன்.

"தெரியும். இதப் பத்தி அப்புறம் பேசுவோம்." சட்டையை மடித்தார். "உங்க அண்ணன் எங்கன்னு உங்களுக்குத் தெரியாதுன்னும் தெரியும். உங்க அம்மாவ ஆஸ்பத்திரியில சேருங்க. போலீஸா சொல்லல. எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படிப் போனாரு."

வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்ப்பக்கம் ஒரு பிளம்பிங் வேன் நின்றிருப்பதைக் கவனித்தேன். முந்தின நாளும் அது அங்கேயேதான் நின்றது. அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இரண்டு பேர். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் குழாய் ரிப்பேர் இல்லை.

உள்ளே அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளுக்கு மட்டும் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறான். அவள் அதைத் தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறாள். குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். "செத்துப் போயிடுவேன்டா. ஒண்ணே ஒண்ணு குடு." அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"அவன் இருக்கிற எடத்தச் சொல்லிட்டான். நீ டாக்ஸியக் கூப்பிடு."

ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது. வேன் நிற்கிறது என்று சொல்லியிருந்தால் அம்மா போயிருக்க மாட்டாள். கதவைப் பூட்டியிருக்கலாம். அவனுக்கே ஃபோன் போட்டு ஓடச் சொல்லியிருக்கலாம். அந்த மாணவியின் படம் அன்றைய பேப்பரிலும் வந்திருந்தது. நசுங்கிய கை, அம்மாவின் இடது இடுப்பு, எல்லாம் கண்முன் வந்து நின்றன. இவற்றையெல்லாம் எடை போட்டு முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். அம்மாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். டாக்ஸியைக் கூப்பிட்டேன். நானும் ஏறி உட்கார்ந்தேன். வேன் கிளம்பிய சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டி முடித்து இன்னும் யாரும் குடிவராத பதினோரு மாடிக் கட்டடம் அது. லிஃப்ட் அவன் போட்டதுதான். உச்சிக்குப் போய் இறங்கினோம். மேலே ஆறு படி ஏறினால் மோட்டார் ரூம். வாக்கரோடு அம்மாவால் ஏற முடியாது என்று அவனே இறங்கி வந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். கிரீஸ் பட்ட ஒரு பனியன். இரண்டு வாரமாக அந்தச் சின்ன ரூமுக்குள் நடந்து நடந்தே பொழுதைக் கழித்திருப்பான்.

"அம்மா" என்றான்.

அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "குடு, குடு" என்று விரல்களை நீட்டினாள்.

அவன் அதைக் கவனித்தான். நான் மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு நொடியில் ஏறிவிட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஒரு மாத்திரையை எடுத்தான். நகத்தால் அழுத்தி இரண்டாக உடைத்தான். "பாதி போதும்மா. டாக்டர் பாத்துக் கொறைப்பாரு" என்று தன் தண்ணீர் பாட்டிலை அவள் வாயில் வைத்தான்.

அப்போது மேலே மோட்டார் உறுமியது. கீழே யாரோ லிஃப்ட்டை அழைத்திருக்கிறார்கள். அது இறங்கிப் போனது, நின்றது, மறுபடி ஏற ஆரம்பித்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நாலு பேர் இருக்காங்க. இழுக்கிற இழுவையில தெரியுது." என் பக்கம் திரும்பினான். "பின்னாடி வண்டி வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினான். ஆறே படிதான். மேலே போய் மெயினை இழுத்திருந்தால் லிஃப்ட் நடுவிலேயே தொங்கியிருக்கும். அவன் மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாண்டியிருக்கலாம். இரண்டு படி ஏறவும் செய்தான். ஆனால் அம்மா சுவரோடு சரிய ஆரம்பித்தாள். திரும்பி வந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கதவு திறந்தபோது அவன் இரண்டு கையும் அம்மாவின் தோளில் இருந்தன. விலங்கு மாட்டுவதற்கு அம்மாவை என்னிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

வழக்கு ஒன்றரை வருஷம் நடந்தது. சைலன்சர் அப்ரூவராக மாறினான். சத்தமாகப் பேசச் சொல்லி ஜட்ஜ் அவனிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. சட்டையைப் பற்றி என்னைக் கேட்டார்கள். பையின் அளவைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது, மேற்கொண்டு கேட்காமல் தைத்தேன் என்று சொன்னேன். பெஞ்சில் அந்த வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கூண்டிலிருந்து இறங்கி வரும்போது அவர் பக்கத்தில்தான் இடம் இருந்தது. நான் நின்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். தீர்ப்பு நாள் வரைக்கும் நாங்கள் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனுக்குப் பதினெட்டு வருஷம் கிடைத்தது. என்னைக் கோர்ட் ஓர் எச்சரிக்கையோடு விட்டது. அது போதுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மா ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாத்திரையை விட வைத்தார்கள். பழைய வீடுகள் எல்லாம் போய், இரண்டு அறைக்கு வந்துவிட்டோம்.

ஒரு வருஷம் வரை அண்ணன் அம்மாவைப் பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வரச் சொன்னான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். அம்மா கேட்டாள், "என்னாலதான மாட்டின?"

"இல்லம்மா. எப்படியும் புடிச்சிருப்பாங்க" என்றான். என் பெயர் அவன் வாயில் வரவில்லை. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேனைப் பார்த்ததை, பார்த்தும் சொல்லாமல் இருந்ததை.

பதினோரு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் வாக்கரைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குவியலிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து, பிளேடால் அதன் பழைய தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"அவன் வெளிய வர்றப்ப நான் இருக்க மாட்டேன்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

நான் மெஷினை நிறுத்தினேன்.

"நீதான் போகணும். வாசல்லயே நின்னு கூட்டிட்டு வா. தனியா வர விட்டுடாத."

"சரிம்மா" என்றேன்.